விபூதித் தட்டில் வைத்த அப்பம்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சங்கரேஸ்வரி வீட்டுச் சாமி அலமாரியில் ஐந்து தெய்வங்கள் பயணத்துக்குத் தயாராக இருந்தன.

ஆய்க்குடி முருகன் கோயில் விபூதி ஒரு பொட்டலம். தென்காசி உலகம்மன் சன்னதிக் குங்குமம் ஒரு பொட்டலம். குற்றாலநாதர் கோயில் சந்தனம். பக்கத்து வீட்டு முஹ்ஸினா தர்காவுக்குப் போனபோது சொல்லிவிட்டு வாங்கிய கறுப்புக் கயிறு. ஐந்தாவதாக, பித்தளை விபூதித் தட்டின் நடுவில், ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் மெலிசாக ஒரு வெள்ளை அப்பம்.

இந்த ஐந்தாவதுதான் எல்லா வினைக்கும் காரணம்.

போன வாரம் படிக்காமல் விட்டவர்கள் இருந்தால் கோபித்துக்கொள்ளவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலகரத்தில் குடியிருக்கும் ஏட்டு நல்லக்கண்ணுவின் அப்பா போலீஸ், தம்பி போலீஸ், மைத்துனர் பட்டாளம். அந்த வீட்டுக் கொடியில் காக்கி காயாத நாளே கிடையாது. மகன் இசக்கிராஜாவும் போலீசாகியே தீரவேண்டும் என்பது அவன் பிறந்த அன்றே முடிவான காரியம். எழுத்துத் தேர்வில் இரண்டு முறை பாஸ் செய்தான். ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தான். கயிறு ஏறும்போது மட்டும் இரண்டு முறையும் பாதியில் விழுந்தான். மூன்றாவது வாய்ப்பு வருகிற திங்கட்கிழமை காலை, பாளையங்கோட்டை மைதானத்தில்.

மகள் இசக்கிச்செல்வி தென்காசியில் புனித வெரோனிக்கா பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். நல்ல குரல். பள்ளியின் பாட்டுக் குழுவில் அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்களுக்குச் சுருதி சேரும்.

நேற்று மாதத்தின் முதல் வெள்ளி. பள்ளியில் பூசை. நன்மை வாங்கும் நேரத்தில், அதாவது சாமியார் அப்பம் கொடுக்கும்போது, கத்தோலிக்கப் பிள்ளைகள் வரிசையில் போவார்கள், மற்ற பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். அதுதான் வழக்கம். பாடம் படித்து, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, வெள்ளை உடுப்பு உடுத்தி முதன்முதலாகப் புதுநன்மை வாங்கியவர்கள்தான் அந்த வரிசையில் நிற்கலாம். சாமியார் கையில் வைக்கும் அப்பத்தை அங்கேயே உட்கொண்டுவிட வேண்டும்.

இசக்கிச்செல்விக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஆறு வருஷமாக அங்கேதான் படிக்கிறாள். பாவம், விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று பூசி மெழுக எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அண்ணனுக்காக ஊரில் இருக்கும் சாமியிடமெல்லாம் கேட்டாயிற்று, தினமும் தன் வாயால் பாடிப் புகழும் சாமியிடம் மட்டும் ஒன்றும் வாங்கவில்லையே என்று அவளுக்கு உறுத்தியது. நாம் தின்றால்தானே தப்பு, தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன தப்பு என்று நினைத்தாள். கோயிலுக்கு வர முடியாதவர்களுக்குப் பிரசாதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போவதைத்தானே பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். எழுந்து வரிசையில் போய்விட்டாள்.

ஃபாதர் சவரிநாயகத்துக்கு வயது எழுபது. "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். "ஆமென்" என்றாள். அவர் அடுத்த கையைப் பார்ப்பதற்குள் அப்பம் கைக்குட்டைக்குள் போய்விட்டது.

அம்மா சங்கரேஸ்வரிக்குத் தலைகால் புரியவில்லை. "எங்கனயும் கெடைக்காததுல்லாட்டி இது!" என்று வாங்கிக் கண்ணில் ஒற்றி, விபூதித் தட்டில் வைத்து, பித்தளை மூடியால் மூடி, விளக்கேற்றினாள். பிரசாதத்தை முன்கூட்டியே தின்னக் கொடுக்கக் கூடாது, வாசற்படி தாண்டும்போதுதான் கொடுக்கவேண்டும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கினால்தான் இந்த அத்தியாயமே இருக்கிறது.

"எமகண்டம் மூணு மணிக்கு முடியுது. மூணே காலுக்கு நீ படி எறங்கணும். பாளையங்கோட்டையில வீரபாகு மாமா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருவாவ" என்றாள் மகனிடம்.

இசக்கிராஜா இட்லியைப் பிட்டுக்கொண்டே அலமாரியைப் பார்த்தான். "அம்மா, இத்தன சாமியும் எங்கூட சேந்து ஏறுனா கயிறு அறுந்துரும்."

"வாயக் கழுவுலே. ஒரு சாமிக்கு வேலை இருந்தா இன்னொரு சாமி பாத்துக்கிடும்லா."

"அப்ப எல்லாரும் டூட்டி மாத்திக்கிடுவாவளோ? அப்பா மாதிரி?"

இசக்கிச்செல்வி சிரித்துவிட்டாள். அவளுக்குப் புரையேறியது. அம்மா இரண்டு பேரையும் சேர்த்து வைதாள். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு மகள் ஓடினாள்.

அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் கடைசி.

* * *

பள்ளி மைதானம் முழுக்கச் சாரலில் நனைந்து கிடந்தது. இயற்பியல் வகுப்பில் பக்கத்து இடம் ரெக்ஸிலினுடையது. ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்சு, ஒரே பாட்டுக் குழு. ரெக்ஸிலினுடைய அப்பா பங்குக் கோயிலில் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுப்பவர்.

டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பியதும் ரெக்ஸிலின் கேட்டாள்: "ஏட்டி, அத என்ன செஞ்ச?"

"எத?"

"நடிக்காத. நேத்து ஒனக்குப் பின்னால நாந்தான் நின்னேன். கைக்குட்டையில முடிஞ்சத ரெண்டு கண்ணால பாத்தேன். நைட்டு முழுக்க ஒறக்கமே இல்ல."

"வீட்ல இருக்கு. பத்திரமா, சாமி அலமாரில."

ரெக்ஸிலின் மேஜைக்குக் கீழே கையை வைத்துச் சின்னதாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். "அது பிரசாதம் இல்லட்டி. அது ஏசு. சும்மா பேச்சுக்குச் சொல்லல. நெசமாவே ஏசு."

"ஏசுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? அதனாலதான எங்க அண்ணனுக்குக் கொண்டு போனேன். வெறும் அப்பம்னா நான் எதுக்கு அத்தன பயந்துக்கிட்டுத் தூக்கிட்டுப் போறேன்?"

ரெக்ஸிலின் மறைக்கல்வித் தேர்வில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவள். புத்தகத்தில் உள்ள கேள்வி ஒவ்வொன்றுக்கும் பதில் ஒப்பிப்பாள். இப்படி ஒரு கேள்வியை அந்தப் புத்தகம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டே சொன்னாள்: "நீயே போயி சிஸ்டர்ட்ட சொல்லிரு. இல்லன்னா நான் சொல்லுதாப்புல ஆயிரும்."

"காட்டிக் குடுப்பியாட்டி?"

"காட்டிக் குடுக்கணும்னா நேத்தே எங்க அப்பாட்ட சொல்லிருக்க மாட்டனா? நாளைக்கு ஞாயித்துக்கெழம. இத மனசுல வச்சுக்கிட்டு நான் எப்பிடிட்டி நன்மை வாங்குவேன்? ஒனக்கு அண்ணன்னா, எனக்கு அவருல்லா." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

தோழி அழுவது ஒரு பக்கம். பாட்டுக் குழு இன்னொரு பக்கம். குழுவில் இருபத்திரண்டு பேர். அதில் ஒன்பது பேர் இந்துப் பிள்ளைகள். கோயில் பாட்டுக்கு வேதக்காரப் பிள்ளைகள் போதாதா என்று பங்கில் சில பேர் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். "யாருக்குப் பாட்டு வருதோ அவ பாடட்டும்" என்று தலைமை ஆசிரியை சிஸ்டர் ஜெனோவா ஒற்றை ஆளாக நின்று சமாளித்து வருகிறார். விஷயம் வெளியே போனால் அந்த ஒன்பது பேருக்கும் வாய்ப்பூட்டுதான். தனக்கு டி.சி. கிழித்துக் கொடுத்தாலும் கேட்பதற்கு ஆள் கிடையாது.

இன்னொரு பக்கம் அண்ணன். அதைத் திருப்பிக் கேட்டால் அம்மா என்ன ஆவாள்? பயணம் போகிற பிள்ளைக்கு வைத்ததைப் பிடுங்கினால், திங்கட்கிழமை அவன் கயிற்றிலிருந்து விழுந்தால், அது யார் தலையில் வந்து விடியும்?

இடைவேளையில் ஆபீஸுக்குப் போய், உதவியாளர் பிச்சம்மாளிடம் கெஞ்சி, அப்பாவுக்குப் போன் போட்டாள்.

நல்லக்கண்ணுவுக்குச் சீசன் முடியும்வரை குற்றாலம் மெயினருவியில்தான் டூட்டி. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு நேர் கீழே போய் நின்று வர மறுக்கும் ஆட்களை விசில் ஊதி வெளியே இழுப்பது அவர் வேலை. அருவி இரைச்சலுக்கு நடுவே மகள் சொன்னதை இரண்டு முறை கேட்டு வாங்கினார்.

"பாத்த சாட்சி யாரு?" என்றார் முதலில்.

"ரெக்ஸிலின் மட்டுந்தான்ப்பா."

"எதையும் ஒத்துக்கிடாத. எழுதித் தரச் சொன்னா எழுதிக் குடுத்துராத. அண்ணன வழியனுப்ப எப்பிடியும் மூணு மணிக்குப் பர்மிஷன் போட்டிருக்கேன். நான் வந்து பேசிக்கிடுதேன்." உடனே வேறு யாரையோ பார்த்து, "யோவ், வெளிய வாய்யா!" என்று கத்தினார். விசில் சத்தத்தோடு போன் நின்றது.

இருபத்தாறு வருஷ சர்வீஸ் அவரை அப்படிப் பேச வைத்தது. மகளுக்கோ செய்ததை இல்லையென்று சொல்ல மனசு வரவில்லை. ஒரு பொய் சொல்லி இதிலிருந்து தப்பிவிட்டால் அப்புறம் அந்தப் பாட்டுகளை எந்த வாயால் பாடுவது என்று தோன்றியது. நேராகத் தலைமை ஆசிரியை அறைக்குப் போனாள்.

சிஸ்டர் அறையில் பெற்றோர் கூட்டம். வெளி பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பதினொன்று பன்னிரண்டாயிற்று. வகுப்பு முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். ரெக்ஸிலின் மட்டும் போகாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் டப்பாவிலிருந்த லெமன் சாதத்தைப் பாதி அவளுக்குத் தள்ளினாள். இரண்டு பேருக்கும் இறங்கவில்லை.

கடைசிப் பெற்றோர் வெளியே வந்தபோது மணி இரண்டு.

* * *

சிஸ்டர் ஜெனோவா கடற்கரைக்காரர், உவரி. அவர் வராந்தாவில் நின்று ஒரு குரல் கொடுத்தால் கடைசி வகுப்பில் பேச்சு நின்றுவிடும். இசக்கிச்செல்வி அந்தக் குரலுக்காகக் காதைத் தயார் செய்துகொண்டுதான் எல்லாவற்றையும் சொன்னாள். கைக்குட்டை, விபூதித் தட்டு, பித்தளை மூடி, மூணே கால் வரைக்கும்.

சிஸ்டர் கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. முகம் வெளுத்து எழுந்து நின்றுவிட்டார்.

"யாராவது சாப்பிட்டாச்சா?"

"இல்ல சிஸ்டர். கெளம்பும்போதுதான் அம்மா குடுப்பா."

"கீழ எங்கயும் விழலயே? எறும்பு கிறும்பு?"

"மூடி வச்சிருக்கு சிஸ்டர். வெளக்கு ஏத்தியிருக்கு."

சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ரெக்ஸிலினை வீட்டுக்குப் போகச் சொன்னார். விறுவிறுவென்று சிற்றாலயத்துக்குப் போய், நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோகும் சின்னச் சிமிழை எடுத்து வந்தார். பிச்சம்மாள் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள்.

சீசன் சனிக்கிழமை. குற்றாலம் ரோடு முழுக்க வேனும் காரும். மூன்று கிலோமீட்டர் போக முக்கால் மணி நேரம். சிஸ்டர் வழி நெடுக உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். தன்னைத்தான் வைகிறார் என்று இசக்கிச்செல்வி நினைத்தாள். மடியைப் பார்த்தபோதுதான் விரலில் ஜெபமாலை ஓடுவது தெரிந்தது.

மேலகரத்துக்குத் திரும்பும்போது சிஸ்டர் ஒரே ஒரு வார்த்தை பேசினார். "திங்கக்கெழம காலைல அப்பாவைக் கூட்டிட்டு வா. நீ இனிமே பாடுறதா வேண்டாமான்னு அன்னைக்குச் சொல்றேன். மத்த எட்டு பிள்ளைங்களை நினைச்சாத்தான் எனக்கு..." என்றபடி வெளியே பார்த்துக்கொண்டார்.

திட்டியிருந்தால்கூட இசக்கிச்செல்வி தாங்கியிருப்பாள்.

* * *

வாசலில் வெள்ளை உடுப்பைப் பார்த்ததும் சங்கரேஸ்வரி கும்பிட்டுக்கொண்டே ஓடி வந்தாள்.

"வாங்க சிஸ்டர், வாங்க! நேர்லயே வந்துட்டியளே! ஏலே ராஜா, வாலே இங்கன. சிஸ்டர் ஒன்ன ஆசீர்வாதம் பண்ணத்தான் வந்திருக்காவ, கால்ல விழு!"

பயணப் பையும் தோளுமாக இசக்கிராஜா வெளியே வந்தான். சிஸ்டர் அவன் தலையில் கை வைத்தார். என்ன செய்வார், பாவம். பிறகு உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காராமல், வந்த காரியத்தைச் சொன்னார்.

சங்கரேஸ்வரியின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"திருப்பிக் குடுக்கவா? பயணம் போற புள்ளைக்குன்னு வச்சத எப்பிடி சிஸ்டர் திருப்பிக் குடுக்கது? எமகண்டம் முடிஞ்சு படி எறங்கப் போறான். இந்த நேரத்துல வந்து தான்னு கேட்டா, அது நல்லாவா இருக்கு?"

"எனக்குப் புரியுதும்மா. ஆனா உங்க மக அதை வாங்கியிருக்கக் கூடாது. வாங்கினாலும் வெளிய கொண்டு வந்திருக்கக் கூடாது."

"அவ திருடிட்டா வந்தா? ஒங்க சாமியார்தான கையில வச்சிருக்காரு?"

"அம்மா, சும்மா இரும்மா" என்றாள் இசக்கிச்செல்வி.

"நீ சும்மா இருட்டி. ஆறு வருஷமா ஒங்க பாட்டத்தான் இந்த வீட்ல பாடுதா. குளிக்கும்போதும் அதான், பாத்திரம் வெளக்கும்போதும் அதான். நாங்க ஒரு நாளு வேண்டாம்னு சொல்லிருக்கமா? இப்ப எம்புள்ளைக்கு ஒரு நல்லது நடக்கட்டும்னு ஒரே ஒரு தரம் கேட்டா, ஒங்க சாமி எங்க வீட்டுக்கு வரப்படாதா சிஸ்டர்?"

வாசல்வரை வந்து எட்டிப் பார்த்த முஹ்ஸினா அப்படியே பின்வாங்கிக்கொண்டாள்.

"வரலாம்மா. எங்க வேணும்னாலும் வரலாம். அதை வேண்டாம்னு சொல்ல நான் யாரு?" என்றார் சிஸ்டர். "நான் ஒரு தடவை பார்த்துக்கிடலாமா?"

பார்ப்பதற்கு எப்படி மாட்டேன் என்பது? சங்கரேஸ்வரி ஒதுங்கி வழிவிட்டாள்.

அடுப்படிக்கு எதிரே சுவரோடு இருந்தது அலமாரி. முருகன் படம், இசக்கியம்மன் படம், குலதெய்வத்து மஞ்சள், எரிந்துகொண்டிருக்கும் ஒற்றை விளக்கு, மூடி போட்ட விபூதித் தட்டு. சிஸ்டர் அதற்கு முன்னால் போய் நின்றார். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மெல்ல மெல்ல வெறும் சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டார். சிஸ்டருக்குக் கடுமையான முட்டிவலி. பள்ளிப் பூசையில்கூட நாற்காலியில் உட்கார்ந்துதான் ஜெபிப்பார். தரையில் முட்டி பட்டபோது அவர் வாயிலிருந்து வந்த முனகல் இசக்கிச்செல்விக்குக் கேட்டது.

"ஐயோ சிஸ்டர், ஒரு பாயாவது விரிச்சிருப்பனே" என்று சங்கரேஸ்வரி பதறினாள். அப்புறம் அவள் குரல் இறங்கிவிட்டது. "அதுக்கா இப்பிடிக் கும்பிடுதிய?"

"ஆமாம்மா."

"அங்கன எங்க முருகன் இருக்காரு, இசக்கி இருக்கா..."

"இருக்கட்டும்மா. இவர் எங்க இருக்காரோ அங்க நான் முட்டி போட்டாகணும்."

சங்கரேஸ்வரி தட்டையும் சிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். விபூதிப் பொட்டலத்துக்கு முன்னால் இப்படி யாரும் விழுந்து அவள் பார்த்ததில்லை. தன் அலமாரியில் ஒரு ராத்திரி ஒரு பகல் இருந்தது பிரசாதம் இல்லை, வேறு ஒன்று என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. கை தன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"நான் என்னத்தக் கண்டேன் சிஸ்டர். முறுக்கு, லட்டு மாதிரி அதுவும் ஒண்ணுன்னுல்லா நெனச்சேன். சாமியவே மூடி போட்டு அடச்சு வச்சிருக்கேன். ஒத்த வெளக்குதான் ஏத்துனேன். ஒரு பூக்கூட வைக்கல. குறை ஒண்ணும் ஆயிராதே?"

"ஒரு குறையும் இல்லம்மா. நல்லாத்தான் வச்சிருந்திருக்கீங்க."

"அப்ப எடுத்துக்கிடுங்க. புள்ளைக்கு மத்த நாலு பேரும் இருக்காவ, பாத்துக்கிடுவாவ." சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மனசில்லாமல்தான் சொன்னாள். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

இசக்கிச்செல்விக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. காலையிலிருந்து நெஞ்சில் கனத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. சிஸ்டர் சிமிழைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, பித்தளை மூடியை எடுத்தார்.

தட்டில் பாதி அப்பம்தான் இருந்தது.

உடைந்து உதிர்ந்த மாதிரி இல்லை. விரலால் நிதானமாகப் பிட்டு எடுத்த மாதிரி, நேராக, சரி பாதி. சிஸ்டர் தட்டைச் சுற்றிலும் பார்த்தார். விபூதிக்குள் துகள் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தார். இல்லை.

"மிச்சம் எங்கம்மா?"

"சத்தியமா நான் தொடல சிஸ்டர்! வெளக்குக்கு எண்ணெ ஊத்துனதோட சரி." சங்கரேஸ்வரி மகள் பக்கம் திரும்பினாள். "நீயாட்டி?"

இசக்கிச்செல்வி தலையை ஆட்டினாள்.

"நாந்தான்" என்றான் இசக்கிராஜா.

பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அவன் அடுப்படிக் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். "காலைல இவ ஸ்கூலுக்குப் போனப்பறம் அம்மா பால் வாங்கப் போயிருந்தா. அப்ப எடுத்தேன். முழுசும் எடுத்தா தெரிஞ்சுரும்னு பாதி வச்சேன்."

இத்தனை நாளாக அம்மா நெற்றியில் பூசும் விபூதியைக் கிண்டல் பண்ணித் துடைத்துவிட்டுப் போகிறவன். அவனா, யாரும் பார்க்காதபோது, அலமாரி முன்னால் நின்று பிட்டுத் தின்றான்? தங்கைக்கு நம்ப முடியவில்லை.

சங்கரேஸ்வரிக்கோ போன உயிர் திரும்பி வந்துவிட்டது. "தின்னுட்டியாலே! என் ராசா!" என்று அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "தப்பா எடுத்துக்கிடாதிய சிஸ்டர், புள்ள தெரியாமத் தின்னுட்டான். ஆனா உள்ள போனது போனதுதான, இனி எடுக்கவா முடியும்? இனிமே கயிறு என்ன, மலையவே ஏறிருவான் எம்புள்ள!"

வாசலில் பைக் வந்து நின்றது. சாரலில் நனைந்த யூனிஃபார்மோடு நல்லக்கண்ணு உள்ளே வந்தார். மகளுக்காக வாதாடத் தயாராக வந்தவர், அலமாரி முன்னால் சிஸ்டர் முட்டி போட்டிருப்பதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

சிஸ்டர் மிச்சப் பாதியைச் சிமிழில் வைத்து மூடினார். இசக்கிச்செல்வி கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். எழுந்து நின்றவர் இசக்கிராஜாவின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். அவருக்குக் கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

"என்ன வேண்டிக்கிட்டுச் சாப்பிட்டீங்க தம்பி?"

"இதென்ன கேள்வி சிஸ்டர், செலக்‌ஷன் ஆகணும்னுதான்" என்றாள் சங்கரேஸ்வரி முந்திக்கொண்டு.

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. ஈரத் தொப்பியோடு நின்ற அப்பாவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

"பாஸாகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன், சிஸ்டர். ரெண்டு தடவையும் நான் கீழ விழல, நானாத்தான் கைய விட்டேன். அப்பா மொகத்தப் பாத்துக்கிட்டு மூணாவது தடவையும் அப்பிடிச் செய்ய எனக்குத் தெம்பு இல்ல. இந்தத் தடவ நான் விடாம ஏறியும் தோத்துரணும்னு, அத மட்டுந்தான் கேட்டேன்."